பின்பக்கத்து வெளிச்சம்

வீட்டுக்கு வந்த வெள்ளித்திரை: அத்தியாயம் 7

போன வாரம் ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் உங்களை நிற்கவைத்துவிட்டுப் போனேன். மேசைமேல் ஐந்து அங்குல பிக்சர் டியூப் ஒன்று. அதற்குள் சுமார் 27,000 வோல்ட். அதன் முகத்தில் கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சத்தோடு உள்ளங்கை அகலத்தில் ஒரு படம். அந்தப் படத்தை நீளத்திலும் அகலத்திலும் ஐந்து மடங்கு பெருக்கினால் பரப்பு 25 மடங்காகிறது. இருக்கிற வெளிச்சம் 25 பங்காகப் பிரிந்துபோகிறது. ஊரே உட்கார்ந்த பந்தியில் ஒரு படிச் சோற்றைப் பரிமாறும் கதை. போதாததற்கு, டியூபிலிருந்து எல்லாப் பக்கமும் தெறிக்கிற வெளிச்சத்தில் சாதாரண லென்ஸ் அள்ளுவது ஒரு கைப்பிடிதான். மிச்சமெல்லாம் பெட்டிக்குள்ளேயே சிதறி வீணாகிவிடும்.

அந்த வெளிச்சத்தை வாரி அள்ளத் தெரிந்த ஒருவர் 1935-லேயே ஹாம்பர்க்கில் கண்மூடிவிட்டார் என்று சொல்லி நிறுத்தினேன். அவர் டெலிவிஷனுக்காக ஒரு நாள்கூட வேலை பார்த்தவர் அல்லர். வாழ்நாள் முழுக்க நட்சத்திரங்களுக்குக் கண்ணாடி தேய்த்தவர். அதுவும் ஒற்றைக் கையால்.

பெர்ன்ஹார்ட் ஷ்மிட் பிறந்தது 1879-ல். எஸ்டோனியாவின் டாலின் நகரத்துக்கு எதிரே கடலில் கிடக்கும் நைசார் என்ற தீவு அவர் ஊர். சிறுவயதில் குழாய்க்குள் வெடிமருந்தை அடைத்து விளையாடியபோது அது வெடித்தது. வலது கை போயிற்று. மிஞ்சிய இடது கையை வைத்துக்கொண்டு, மயிரிழையில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலும் வீணாகிப்போகும் தொழிலைத் தேர்ந்தெடுத்தார். தொலைநோக்கி ஆடிகளைத் தேய்த்து மெருகேற்றும் தொழில். ஜெர்மனியில் அந்தத் தொழிலைச் செய்து, கடைசியில் ஹாம்பர்க்கை அடுத்த பெர்கெடோர்ஃப் வானாய்வகத்தில் ஒதுங்கினார்.

1929-ல் சூரிய கிரகணத்தைப் பார்க்க அந்த ஆய்வகத்திலிருந்து பிலிப்பைன்ஸுக்குக் கப்பல் ஏறினார்கள். ஷ்மிட்டும் போனார், வால்டர் பாடே என்ற வானியலாளரும் போனார். அந்தப் பயணத்தில்தான் ஷ்மிட் தன் மனதில் கிடந்ததை பாடேயிடம் சொன்னார். கிண்ணம்போலக் குழிந்த ஆடி வெளிச்சத்தை நிறைய அள்ளும். ஆனால் ஓரத்தில் பட்ட கதிரும் நடுவில் பட்ட கதிரும் ஒரே புள்ளியில் போய்ச் சேராது, படம் கலங்கிவிடும். ஆடிக்கு முன்னால் மெல்லிய கண்ணாடித் தகடு ஒன்றை நிறுத்தி, அந்தக் கலக்கத்தை முன்கூட்டியே எதிர்ப்பக்கமாகச் செய்துவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும் அல்லவா?

அந்தத் தகட்டின் வளைவு கண்ணுக்கே தெரியாது. அதை எப்படித் தேய்ப்பது? ஷ்மிட் தகட்டை ஒரு பாத்திரத்தின் வாய்மேல் மூடிபோல வைத்து, உள்ளிருந்த காற்றை உறிஞ்சினார். தகடு ஒரு துளி உள்வாங்கிக் குழிந்தது. அந்த நிலையிலேயே மேற்புறத்தைத் தேய்த்தார். பிறகு காற்றைத் திரும்ப விட்டார். கண்ணாடி நிமிர்ந்தது, வேண்டிய வளைவு தானாக எழுந்து வந்தது. இதை எழுதும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் சிலிர்க்கும். கை செய்ய முடியாத வளைவைக் காற்றைக்கொண்டு செய்வித்த மனிதர் அவர். 1930-ல் அவருடைய முதல் காமெரா தயாரானது.

அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, அட்லாண்டிக்குக்கு அப்பால் ஆர்.சி.ஏ.வின் பொறியாளர்கள் அந்தக் காமெராவைத் தலைகீழாக யோசித்தார்கள். வெளிச்சத்துக்குப் போன பாதையே வந்த பாதை. வானத்திலிருந்து வருவதை அள்ளி ஃபிலிமில் சேர்க்கிற ஆடி, ஃபிலிம் இருக்கும் இடத்தில் ஒரு டியூபை வைத்தால் அதன் வெளிச்சத்தை அள்ளி வெளியே அனுப்பாதா?

அனுப்பியது.

ஒரு சங்கடம் மட்டும் பாக்கி இருந்தது. ஷ்மிட் மாதிரி ஒவ்வொரு தகட்டையும் உட்கார்ந்து தேய்த்தால் வீட்டுக்கு வீடு டிவி விற்க முடியாது. ஆர்.சி.ஏ. அதைப் பிளாஸ்டிக்கில் அச்சு வார்த்தது. 1940-களின் கடைசியில் 648 பி.டி.கே. என்ற பெயரில் அந்தப் பெட்டி கடைக்கு வந்தது. அடியில் குழிந்த ஆடி. அதைக் குனிந்து பார்த்தபடி டியூப். ஆடியில் பட்ட வெளிச்சம் மேலே ஏறி, பிளாஸ்டிக் தகட்டைக் கடந்து, 45 டிகிரி சாய்ந்த இன்னொரு கண்ணாடியில் மோதித் திரும்பி, திரையின் பின்பக்கத்தில் விழுந்தது. திரை 15-க்கு 20 அங்குலம். அதே நிறுவனம் 1946-ல் கொண்டுவந்த, அமெரிக்க வீடுகளில் டெலிவிஷனைப் பரப்பிய புகழ்பெற்ற பெட்டியின் டியூபே 10 அங்குலம்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். விலை 1,195 டாலர். ஏறக்குறைய ஒரு புதுக் கார் வாங்கும் காசு.

வாங்கியவர்கள் விளக்கை அணைத்துவிட்டுத்தான் பார்த்தார்கள். எழுந்து நின்றால் படம் மங்கியது, பக்கவாட்டில் நகர்ந்தாலும் மங்கியது. ஐந்தாறு வருடத்துக்குள் 16 அங்குலம், 20 அங்குலம் என்று சாதாரண டியூப்களே வளர்ந்து வந்துவிட்டன. பளிச்சென்று தெரிந்தன, விலையும் இறங்கியது. 1954-ல் கலர் வந்தபோது பின்பக்கத்து வெளிச்சத்தை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. ஷ்மிட்டின் தகடு மறுபடி வானாய்வகத்துக்கே போய்விட்டது.

அதை வீட்டுக்குத் திரும்ப அழைத்து வந்தவர் டிவிக்காரர் அல்லர், ஸ்பீக்கர் செய்கிறவர்.

* * *

ஹென்றி க்ளாஸ் 1929-ல் பிறந்தவர். ஷ்மிட் கப்பலில் பேசிக்கொண்டிருந்த அதே வருடம். மாசசூசெட்ஸ் மாநிலத்து கேம்பிரிட்ஜில் வளர்ந்த தொழில் அவருடையது. 1954-ல் எட்கர் வில்ச்சருடன் சேர்ந்து அக்கூஸ்டிக் ரிசர்ச் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, புத்தக அலமாரியில் அடங்கும் ஸ்பீக்கரிலிருந்து கனத்த பேஸ் சத்தத்தை வரவழைத்தவர். அடுத்து கே.எல்.ஹெச். அதில் 'கே' இவர்தான். 1967-ல் மூன்றாவதாக அட்வென்ட் என்று ஒன்றைத் தொடங்கினார். அதை எதற்காகத் தொடங்கினார் தெரியுமா? பெரிய திரை டிவி செய்ய. ஆனால் கையில் காசில்லை. ஆகவே முதலில் ஒரு ஸ்பீக்கர் செய்து விற்றார். அது நன்றாக விற்றது. அந்த லாபத்தை டிவி ஆராய்ச்சியில் போட்டார்.

ஆர்.சி.ஏ. ஒரு டியூபை வைத்துக் கறுப்பு வெள்ளைப் படம் காட்டியது. கலருக்கு என்ன செய்வது? க்ளாஸ் மூன்று டியூப் வைத்தார். சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. ஷ்மிட்டின் ஆடியை டியூபுக்கு உள்ளேயே, காற்றில்லாத வெற்றிடத்துக்குள் வைத்து அடைத்தார். தூசி படாது, இடம் பிசகாது, வெளிச்சம் வீணாகாது. 1970-களின் தொடக்கத்தில் வீடியோபீம் 1000 என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. குறுக்காக அளந்தால் ஏழு அடித் திரை. விலை சுமார் 2,500 டாலர். வீட்டுக் கூடத்தில் ஏழு அடிக் கலர் டிவிப் படத்தை மனிதர்கள் பார்த்தது அப்போதுதான்.

ஆனால் அது இரண்டு துண்டு. சுவரோரம் வளைந்த வெள்ளித் திரை, அதற்கு முன்னால் எட்டடி தள்ளிக் கூடத்தின் நடுவே மூன்று கண்ணுள்ள பெட்டி. நடுக்கூடத்தில் அம்மிக்கல்லைப் போட்டதுபோல. பிள்ளைகள் ஓடினால் இடிபடும். யாராவது தண்ணீர் குடிக்க எழுந்து குறுக்கே போனால் அவர் நிழல்தான் படம். பகலில் ஜன்னலைத் திறந்தால் திரை வெளிறிப்போகும். க்ளாஸுக்கு இது தெரியாமல் இல்லை. படம் நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக அவர் மற்றதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். வீட்டுக்காரர்கள் எத்தனை நாள் பொறுப்பார்கள்?

தீர்வு 648 பி.டி.கே.யிலேயே இருந்தது. மூன்று டியூபையும் தூக்கி அலமாரி மாதிரி ஒரு பெட்டியின் அடியில் படுக்கவை. பின்சுவரில் ஒரு பெரிய கண்ணாடியைச் சாய்த்து வை. வெளிச்சத்தை மடித்து, திரைக்குப் பின்னாலிருந்து காட்டு. எட்டடிப் பாதை இரண்டடி ஆழத்துக்குள் அடங்கிவிடும்.

மடிப்பது எளிது. மடித்த வெளிச்சத்தைப் பார்ப்பவர் கண்ணுக்கு அனுப்புவதுதான் கஷ்டம். கீழே இருக்கும் டியூபிலிருந்து கிளம்பும் கதிர் திரையை எட்டும்போது விரிந்துகொண்டே வருகிறது. திரையின் மூலையில் விழும் கதிர் உங்களை விட்டு விலகி உத்தரத்தையோ தரையையோ பார்த்துப் போகும். நடுவில் பளிச், ஓரத்தில் இருட்டு. இதற்கு மருந்து எங்கே கிடைத்தது?

பிரான்ஸ் நாட்டுக் கடற்கரையில், ஒரு கலங்கரை விளக்கத்தில்.

* * *

1823-ல் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் அகஸ்டின் ஃப்ரெனெல் ஒரு புது லென்ஸை ஏற்றினார். கனத்த லென்ஸின் நடுவயிற்றை வெட்டி எறிந்துவிட்டு, மேற்புறத்து வளைவை மட்டும் வட்ட வட்டப் படிகளாக வைத்துக்கொண்ட லென்ஸ். எடை குறைவு, விளக்கின் வெளிச்சமோ சிதறாமல் நேர்கோடாகக் கடலுக்குள் போயிற்று. அந்த வட்டப் படிகளை மெல்லிய பிளாஸ்டிக் தகட்டில் நுணுக்கமாகப் பதித்து, டிவித் திரையின் பின்னால் ஒட்டவைத்தார்கள். விரிந்து ஓடுகிற கதிர்கள் நிமிர்ந்து நேராக முன்னே வந்தன.

அதற்கும் முன்னால் இன்னொரு தகடு. அதில் மேலிருந்து கீழாக நெருக்கமாக ஓடும் சன்ன வரிகள். தடவிப் பார்த்தால் விரலில் சரசரக்கும். இந்த வரிகள் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விசிறிவிடும், மேலும் கீழும் விடாது. காரணம் இருக்கிறது. வீட்டில் நாம் வரிசையாக உட்கார்ந்து பார்க்கிறோம், ஒருவர் தலைமேல் ஒருவர் உட்கார்வதில்லை. உத்தரத்துக்குப் போகிற வெளிச்சம் வீண்தானே? அந்த மிச்சத்தை எடுத்து சோபாவின் இரண்டு கோடிக்கும் கொடுத்தார்கள். வரிகளுக்கு நடுவே கறுப்புக் கோடு போட்டு, அறையின் வெளிச்சத்தைத் திரை விழுங்கிக்கொள்ளும்படியும் செய்தார்கள்.

இந்தத் திரையும், மூன்று ஏழு அங்குல டியூபும், அவற்றைக் குளிரவைக்க டியூபுக்கும் லென்ஸுக்கும் நடுவே கூலன்ட் திரவமும் சேர்ந்ததுதான் 1980-களிலிருந்து அமெரிக்க வீடுகளுக்குள் நுழைந்த 'பிக் ஸ்க்ரீன் டிவி'. 1989-ல் சோனி 43 அங்குலத்தில் ஒரே டியூபில் டிவி செய்து காட்டியது. எடை சுமார் 200 கிலோ, விலை 40,000 டாலர். உள்ளே வெற்றிடம், வெளியே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஒரு கிலோ காற்றழுத்தம். அதைத் தாங்கக் கண்ணாடியைத் தடிக்கத் தடிக்க வார்க்க வேண்டும். அதற்குமேல் பெரிதாக வேண்டுமானால் அன்று பின்பக்கத்து வெளிச்சத்தை விட்டால் வேறு வழியில்லை. ஆகவேதான் 1998 ஆகஸ்டில் சான் டியாகோவில் பொதுமக்களுக்கு முதல் ஹெச்.டி. டிவி விற்பனைக்கு வந்தபோது, அது பானாசோனிக்கின் 56 அங்குலப் பின்பக்கத்து வெளிச்சப் பெட்டியாக இருந்தது. விலை 5,500 டாலரை ஒட்டி.

மூன்று வருடம் கழித்து அந்த விலை பாதிக்கும் கீழே இறங்கியது. 2001 கோடையில் டல்லாஸுக்கு வடக்கே எங்கள் வீட்டு வாசலில் ஒரு லாரி வந்து நின்றது.

* * *

55 அங்குலம். எடை நூறு கிலோவுக்குப் பக்கம். நாலு பேர் சேர்ந்து கதவின் நிலையில் இடிக்காமல் உள்ளே ஏற்றினோம். கடையில் கண்ணைப் பறித்த படம் வீட்டில் வெளிறித் தெரிந்தது. கடைக்காரர்கள் கூட்டத்தில் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று கான்ட்ராஸ்ட்டை உச்சத்தில் வைத்திருப்பார்கள், வீட்டுக்கு அதில் பாதிகூட வேண்டாம் என்பது எனக்கு அப்போது தெரியாது. முதல் மூன்று மாதம் அப்படியே விட்டுவைத்தேன். அதற்குக் கொடுத்த விலையைப் பின்னால் சொல்கிறேன்.

அந்தப் பெட்டியைச் சொந்தமாக வைத்திருப்பது மாடு வைத்திருப்பதுபோல. வாங்கிக் கட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று இருக்க முடியாது. மூன்று டியூபும் மூன்று தனிப் படத்தைத் திரைமேல் போடுகின்றன. நடுவில் இருப்பது பச்சை, அது நேராகப் பார்க்கும். இருபுறமும் இருக்கும் சிவப்பும் நீலமும் சாய்ந்து பார்க்கும். மூன்றும் மயிரிழை பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். பிசகினால் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பக்கம் சிவப்பு ஓரம், மறுபக்கம் நீல ஓரம். இதற்குப் பெயர் கன்வர்ஜென்ஸ். எங்களைப்போன்ற வீடுகளில் அந்தச் சொல் சோறு, குழம்புபோலப் புழங்கியது.

2003 மார்ச் 1, சனிக்கிழமை. தென்னாப்பிரிக்காவின் செஞ்சுரியனில் உலகக் கோப்பை, இந்தியா–பாகிஸ்தான். அங்கே காலை பத்து மணி ஆட்டம், டல்லாஸில் நள்ளிரவு தாண்டி இரண்டு மணி. பதினெட்டுப் பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். இடம் பத்தாது என்று வெள்ளி மாலை டிவியைக் கிழக்குச் சுவரிலிருந்து வடக்குச் சுவருக்கு நகர்த்தினோம். பெருமூச்சு விட்டு டிவியைப் போட்டேன். திரையில் இருந்த ஆள் முகத்தில் இரண்டு மூக்கு. ஒன்று சிவப்பு.

பூமி ஒரு காந்தம். டியூபுக்குள் பாயும் எலக்ட்ரான் கற்றையை அது எப்போதும் லேசாக இழுத்துக்கொண்டே இருக்கிறது. பெட்டியின் முகத்தைத் திருப்பினால் இழுக்கும் திசை மாறுகிறது. மூன்று கற்றையும் மூன்று விதமாக நகர்கின்றன. இந்தச் சாதாரண விஷயம் வாங்கியபோது கொடுத்த கையேட்டிலேயே இருந்தது. அதைப் படித்துவிட்டு நகர்த்தியிருக்கலாம்.

பெட்டி சூடேற அரை மணி நேரம் விட வேண்டும், ஆறிய பெட்டியில் சரிசெய்தால் சூடேறியதும் மறுபடி பிசகும். பதினோரு மணிக்குமேல் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டுத் திரைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். ரிமோட்டில் கன்வர்ஜென்ஸ் பக்கத்தைத் திறந்ததும் கறுப்புத் திரையில் கட்டம் கட்டமாகக் கோடுகள், கோலப்புள்ளி வைத்ததுபோல. பச்சைதான் அளவுகோல், அதைத் தொடக் கூடாது. முதலில் சிவப்பு. ஒவ்வொரு சந்திப்பாகப் போய், ரிமோட்டின் அம்பை ஒரு தட்டு, இன்னொரு தட்டு. பச்சையின்மேல் சிவப்பு சரியாக ஏறி உட்கார்ந்ததும் கோடு மஞ்சளாகிவிடும். இந்த மூலையைச் சரிசெய்தால் அந்த மூலை கொஞ்சம் இழுபடும். திரும்ப அங்கே போக வேண்டும். சிவப்பு முடிந்ததும் நீலம். நீலம் எப்போதும் கொஞ்சம் மசமசப்பாகத்தான் இருக்கும். நீல டியூபின் முகத்தில் ஒளிரும் பூச்சான பாஸ்பரை ஓர் அளவுக்குமேல் தூண்டினாலும் அது அதற்கேற்ப ஒளிராது. அதனால் செய்கிறவர்களே நீலக் கற்றையை வேண்டுமென்று சற்று அகல விடுவார்கள். அந்த மங்கலான ஓரத்தை எங்கே நிறுத்துவது என்பது கண்ணின் தீர்ப்பு.

"ஏங்க, மணி ஒன்னாச்சு. இன்னும் அந்தக் கோட்டையே பாத்துக்கிட்டு இருக்கீங்களே, வர்றவங்களுக்கு டீ யார் போடுறது?"

"இன்னும் நாலு புள்ளிதான்."

கொஞ்ச நேரத்தில் மூலையில் கடைசிக் கோடு வெள்ளையாயிற்று. பச்சை, சிவப்பு, நீலம் மூன்றும் ஒரே கோட்டில் அடங்கி, எந்த நிறமும் தனியாகத் தெரியாமல், பஞ்சுபோல ஒரு வெள்ளை. திரை முழுக்க வெள்ளைக் கட்டம். அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் கார்க்கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

பெரியவர்கள் சோபாவில், இளவட்டங்கள் பாயில். பாயில் படுத்தவர்களுக்குப் படம் மங்கல். மேலும் கீழும் வெளிச்சத்தை மிச்சம் பிடித்த திரை அல்லவா. "எழுந்து உக்காருங்கப்பா, தெரியும்" என்றேன். உட்கார்ந்தார்கள், தெரிந்தது. வந்த படம் பழைய சதுர அளவு, எங்கள் திரை அகலம். இரண்டு பக்கமும் சாம்பல் நிறப் பட்டை. "இழுத்து விடுண்ணே, பெருசாத் தெரியட்டும்" என்று ஒரு தம்பி கெஞ்சினான். இழுத்தால் பந்து முட்டையாகிவிடும் என்று மறுத்துவிட்டேன். இன்றும் அந்த முடிவில் மாற்றமில்லை.

பாகிஸ்தான் 273. இந்தியா ஆட வந்தபோது எங்கள் ஊரில் காலை ஆறு மணி தாண்டியிருந்தது. கிழக்கு ஜன்னலில் வெளுப்பு தட்டத் தொடங்கியது. அந்த வெளிச்சம் திரையில் பட்டால் கறுப்பெல்லாம் சாம்பலாகிவிடும். இரண்டு பேர் ஓடிப்போய்க் கம்பளியை ஜன்னலில் விரித்துப் பிடித்துக்கொண்டார்கள். ஷோயப் அக்தரின் முதல் ஓவர். அகலமாக, வேகமாக வந்த பந்தை டெண்டுல்கர் வெட்டினார். பாயின்ட் திசைக்குப் பின்னால், எல்லைக்கு மேலே அது பறந்தது. கம்பளியைப் பிடித்திருந்தவர்கள் கையை விட்டுவிட்டுக் குதித்தார்கள். டெக்ஸாஸின் காலை வெளிச்சம் மொத்தமும் திரைமேல் கொட்டியது. அந்த சிக்ஸரின் பின்பாதியை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. டெண்டுல்கர் 98-ல் வெளியேறினார். இந்தியா நாலு விக்கெட் இழப்பில் ஜெயித்தது. அதற்குப் பிறகு எத்தனையோ தெளிவான திரைகளில் அந்த சிக்ஸரைப் பார்த்துவிட்டேன். அந்தப் பாதி சிக்ஸருக்கு ஈடாகவில்லை.

* * *

மறுநாள் ஞாயிறு மத்தியானம். வீடு அமைதியாக இருந்தது. கூட்டம் சிந்திய தேநீரைத் துடைத்துவிட்டு டிவியில் ஒரு படம் போட்டேன். பனிமலைக் காட்சி, திரை முழுக்க வெள்ளை. அப்போதுதான் கண்ணில் பட்டது. திரையின் அடிப்பாகத்தில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, இரண்டு விரல் அகலத்தில் மங்கலான ஒரு பட்டை.

சேனலை மாற்றினேன், பட்டை போகவில்லை. திரையைத் துடைத்தேன், போகவில்லை. கன்வர்ஜென்ஸ் பக்கத்தைத் திறந்து பார்த்தேன், கோடுகள் எல்லாம் வெள்ளைதான். பட்டை மட்டும் அங்கேயே நின்றது.

பிறகு புரிந்தது. 2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்கச் செய்திச் சேனல்கள் திரையின் அடியில் ஒரு செய்திப் பட்டையை ஓடவிட்டன. அதற்கப்புறம் பல வருடம் அவை அதை நிறுத்தவே இல்லை. அந்த வாரங்களில் எங்கள் வீட்டில் டிவி இரவும் பகலும் ஓடியது. கான்ட்ராஸ்ட் கடையில் வைத்த உச்சத்திலேயே இருந்தது. ஒரே இடத்தில் ஒரே பட்டை. அந்த இடத்துப் பாஸ்பர் மற்ற இடத்தைவிட வேகமாகத் தேய்ந்துபோனது. இருண்ட காட்சிகளிலும் அசையும் காட்சிகளிலும் ஒன்றரை வருடம் தெரியாமல் இருந்துவிட்டு, பனிமலையில் தெரிந்தது. ஒரு தேசம் பதறிய நாட்களின் தழும்பு என் டிவியில் விழுந்திருந்தது. அதை விழவைத்தது நான்தான்.

பழுதுபார்க்கிறவர் ஒருவர் புதன்கிழமை வந்தார். ஐம்பது வயதிருக்கும், பொறுமையான மனிதர். முன்பக்கத்துப் பலகையைக் கழற்றி டார்ச்சை உள்ளே அடித்து, என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். மூன்று டியூபும் கிணற்றுக்குள் மூன்று நிலாபோல மேலே பார்த்துக்கொண்டிருந்தன. பச்சை டியூபின் முகத்தில் பழுப்பாக அதே பட்டை, விரல் நகம் அகலத்தில். தலைக்குமேல் சாய்ந்த கண்ணாடியைக் காட்டி, "இதைத் துணியால் துடைத்துவிடாதீர்கள். ரசம் முன்பக்கத்தில் பூசியது, கீறினால் போயிற்று" என்றார். டியூப் மாற்றலாமா என்று கேட்டேன். மாற்றலாம், ஆனால் ஒன்றை மட்டும் மாற்றினால் புதுப் பச்சையும் பழைய சிவப்பு, நீலமும் ஒத்துவராது, மூன்றையும் மாற்றினால் டிவி விலையில் பாதி ஆகும் என்றார். நான் பேசாமல் நின்றேன்.

அவர் பலகையைத் திரும்பப் பொருத்திக்கொண்டே, "உங்களுக்கு நேரமிருந்தால் சனிக்கிழமை என் கடைக்கு வாருங்கள். ஒரு பெட்டியைக் காட்டுகிறேன்" என்றார்.

போனேன். அதுவும் பின்பக்கத்து வெளிச்சம்தான். என்னுடையதைவிடத் திரை கொஞ்சம் சிறியது. ஆனால் ஒரு மூலையைப் பிடித்து நான் ஒருவனே அதை நகர்த்த முடிந்தது. கடையின் விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தது, படம் வெளிறவில்லை. திரைக்கு மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்தேன். எழுத்துகளுக்குச் சிவப்பு ஓரமும் இல்லை, நீல ஓரமும் இல்லை.

"கன்வர்ஜென்ஸ் யார் பார்த்தது?" என்று கேட்டேன்.

"இதில் கன்வர்ஜென்ஸே கிடையாது. டியூபும் கிடையாது."

பின்மூடியைத் திறந்தார். பெரும்பகுதி காலி இடம். ஒரு மூலையில் ஒரு விளக்கு. அதன் முன்னால் கலர்க் கண்ணாடித் துண்டுகள் பதித்த சிறு சக்கரம். பிறகு, தனியே எடுத்துவைத்திருந்த ஒரு பழைய பலகையை என் கையில் கொடுத்தார். நடுவில் தபால் தலையைவிடச் சிறிய ஒரு சில்லு. சாய்த்தால் வானவில்போல மின்னியது. அதன்மேல் 9,21,600 கண்ணாடிகள் இருக்கின்றன என்றார். ஒவ்வொன்றும் அசையும் என்றார். நான் நம்பவில்லை.

அதைச் செய்த ஆய்வுக்கூடம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அவர் கடையின் கண்ணாடிக் கதவு வழியே தெற்கே கையைக் காட்டினார். நான் தினமும் காரில் கடந்துபோகிற நெடுஞ்சாலை ஓரம். டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ். அங்கே லாரி ஹார்ன்பெக் என்ற இயற்பியலாளர் 1977-ல் ஒரு மெல்லிய ஏட்டை மின்சாரத்தால் வளைத்து வெளிச்சத்தைத் திருப்ப முயன்றார். பத்து ஆண்டுகள் அதனோடு மல்லுக்கட்டினார். வேண்டிய அளவு வளைவதற்கு அது படியவே இல்லை. 1987-ல் ஒரு நாள் அந்தப் பத்தாண்டு வழியை அப்படியே ஒதுக்கி வைத்துவிட்டு, தன் கண்ணாடியிடமிருந்து ஒன்றைப் பறித்துக்கொண்டார். பறித்த பிறகுதான் அது அவர் சொன்னதைக் கேட்டது.

அவர் பறித்தது எதை?

(அடுத்த வாரம்)